ஆலைக் கொதிகலனும் வெந்நீர் ஊற்றும்: உயிர்த்திரள், புவிவெப்ப மின்சாரம் பற்றி ஓர் எளிய விளக்கம்

ரப்பர்ப் பால் மரம் சீவியவர்களுக்கு ஒரு கணக்கு தெரியும். ஒரு நாள் சீவினால் மறுநாள் மரத்துக்கு ஓய்வு. கத்தி பட்டையோடு நிற்க வேண்டும். கட்டையைத் தொட்டுவிட்டால் அந்த இடத்தில் புதுப்பட்டை சீராக வளராது. ஆசைப்பட்டு நாள் தவறாமல் சீவினால் கொஞ்ச காலம் பால் பிடிக்கும் மங்கு நிறையும். பிறகு பட்டை வறண்டு பால் நின்றுவிடும். என் அம்மா மலேசியாவின் பேராக் மாநிலத்தில், சுங்காய் அருகே ஒரு தோட்டத்தில் இருபது ஆண்டுகளுக்கு மேல் நிரை பிடித்தவர் (மரவரிசை எடுத்துப் பால் சீவியவர்). “ஊறவிட்டு எடுக்க வேண்டும்” என்று அடிக்கடி சொல்வார்.

புதுப்பிக்கத்தக்க ஆற்றல் என்பதற்கு இதைவிடச் சுருக்கமான விளக்கம் எனக்குத் தெரியவில்லை. எடுக்கும் வேகம் ஊறும் வேகத்தைத் தாண்டாத வரை அது புதுப்பிக்கத்தக்கது. தாண்டிவிட்டால், பெயர் என்னவாக இருந்தாலும் அது தீர்ந்துபோகிற பொருள்தான். சூரிய ஒளியிலும் காற்றிலும் இந்தக் கவலை இல்லை. எவ்வளவு எடுத்தாலும் நாளை மறுபடி வரும். இந்தக் கட்டுரை பேசப்போகும் உயிர்த்திரளிலும் (விறகு, நார் போன்ற எரிபொருள்) புவிவெப்பத்திலும் (பூமிக்குள் இருக்கும் சூடு) அப்படி இல்லை. இரண்டிலும் சீவுகிற கை அளவறிந்து சீவ வேண்டும்.

மாலை வகுப்பில் படிவம் 3 படிக்கும் ஒரு மாணவி என்னிடம் கேட்டாள்: “சார், எண்ணெய் ஆலைப் புகைபோக்கியில் கறுப்பாகப் புகை வருகிறது. அது எப்படிப் பசுமை ஆற்றல் ஆகும்?” பக்கத்தில் இருந்த பையன் விடவில்லை: “வெந்நீர் ஊற்றில் முட்டை வேகிறதே சார், அதில் மின்சாரம் எடுக்க முடியாதா?” இரண்டும் நல்ல கேள்விகள். சுங்காய்ப் பிள்ளைகளுக்கு இந்தக் கேள்விகளைப் புத்தகத்தில் தேட வேண்டியதில்லை. ஒரு பக்கம் பாமாயில் தரும் செம்பனைத் தோட்டங்களும் ஆலைகளும். இன்னொரு பக்கம், தித்திவாங்சா மலைத்தொடரின் அடிவாரத்தில், சுங்கை கிளா வெந்நீர் ஊற்று. அதைச் சுற்றியும் செம்பனைதான்.

முதலில் மின்சாரம் எப்படிப் பிறக்கிறது என்பதைப் பார்த்துவிடுவோம். செம்புக் கம்பிச் சுருளுக்குள் காந்தத்தைச் சுழற்றினால் கம்பியில் மின்சாரம் ஓடும். 1831இல் மைக்கேல் ஃபாரடே காட்டிய உண்மை இது. பழைய சைக்கிளில் சக்கரத்தோடு உரசிச் சுழன்று விளக்கெரிய வைத்த டைனமோவும் இதே வேலையைத்தான் செய்தது. ஆக, கேள்வி ஒன்றே: சக்கரத்தை யார் சுழற்றுவது? பெரும்பாலான மின்நிலையங்களில் நீராவி சுழற்றுகிறது. தண்ணீர் ஆவியாகும்போது ஏறத்தாழ 1,600 மடங்கு விரிகிறது. அந்த விரிவை அடைத்துவைத்து ஒரு வழியாக மட்டும் விட்டால், விசையாழியின் (டர்பைன்) தகடுகளை அது தள்ளிக்கொண்டு ஓடும். எங்கள் மாநிலத்தின் மஞ்சோங்கில் உள்ள 4,100 மெகாவாட் நிலையம் கப்பலில் வந்திறங்கும் நிலக்கரியை எரித்துத் தண்ணீரைக் கொதிக்க வைக்கிறது. உயிர்த்திரள் நிலையத்திலும் புவிவெப்ப நிலையத்திலும் சக்கரம் அதேதான். அடுப்பு மட்டும் வேறு.

உயிர்த்திரள் என்றால் அண்மையில் உயிரோடு இருந்த எதுவும்: விறகு, உமி, கரும்புச் சக்கை, சாணம், செம்பனை நார். தோட்டத் தொழிலாளர் குடியிருப்பான லயத்து வீட்டில் ரப்பர் விறகில் சோறு பொங்கிய ஒவ்வொருவரும் உயிர்த்திரள் ஆற்றலைப் பயன்படுத்தியவர்தான். ரப்பர்த் தோட்டங்களின் புகைக்கூடங்களில் பால் தகடுகளை உலர்த்தியதும் அதே விறகுதான்.

ஆனால் மலேசியாவில் உயிர்த்திரள் என்றால் முதலில் நிற்பது செம்பனை. 1917இல் சிலாங்கூரின் தென்னமாரம் தோட்டத்தில் வணிகப் பயிராகத் தொடங்கியது இன்று 50 இலட்சம் ஹெக்டேருக்கு மேல் பரந்திருக்கிறது. குலைகளை வெட்டி லாரியில் ஏற்றி ஆலைக்கு அனுப்பினால், எடையில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்குதான் எண்ணெயாக வெளியே வருகிறது. மணிக்கு 60 டன் குலை அரைக்கும் ஆலையை எடுத்துக்கொள்ளுங்கள். எண்ணெய் சுமார் 12 டன். பிழிந்த நார் 8 டன் போல. கொட்டையின் ஓடு மூன்று நான்கு டன். பழம் உதிர்த்த வெறுங்குலை 13 டன். இவற்றோடு 40 டன் அளவுக்குக் கொதிக்கக் கொதிக்கக் கழிவுநீர். குலையில் இருக்கும் நீரோடு ஆலை தானாகச் சேர்க்கும் தண்ணீரும் கலப்பதால் கழிவுநீர் அவ்வளவு வருகிறது. எண்ணெய் ஆலை என்று நாம் சொல்வது, எடைக்கணக்கில் பார்த்தால், கழிவு ஆலைதான்.

என் அப்பா அப்படி ஓர் ஆலையில் கொதிகலன் பிரிவில் வேலை பார்த்தார். பள்ளி விடுமுறையில் ஒரு முறை என்னை உள்ளே அழைத்துச் சென்று, பிழிந்துவிழும் நாரை ஒரு பிடி எடுத்து என் கையில் வைத்தார். வெதுவெதுப்பாக, தேங்காய்நார் போலச் சுருண்டு, ஆனால் எண்ணெய்ப் பிசுக்கோடு இருந்தது. கையை மூடித் திறந்தால் உள்ளங்கை மினுமினுத்தது. அந்தப் பிசுக்கில்தான் விசயமே இருக்கிறது. எவ்வளவு பிழிந்தாலும் நாரில் கொஞ்சம் எண்ணெய் தங்கிவிடும். அதனால் தீ சட்டென்று பற்றும். ஓடு அதற்கு நேர்மாறு: மெதுவாகப் பற்றி, நின்று எரியும். அடுப்பில் சுள்ளியும் கட்டையும் சேர்த்து வைப்பதுபோல, நாரும் ஓடும் கலந்து கொதிகலனுக்குள் போகும்.

கொதிகலனிலிருந்து வரும் நீராவி முதலில் விசையாழியைச் சுழற்றி ஆலைக்கு வேண்டிய மின்சாரத்தைத் தருகிறது. ஒரு டன் குலைக்கு ஏறத்தாழ 20 யூனிட் போதும். விசையாழியை விட்டு வெளியேறும் ஆவியில் இன்னும் நிறையச் சூடு மிச்சமிருக்கும். அதை வீணாக்காமல் அப்படியே குலை அவிக்கும் கலன்களுக்கு அனுப்புகிறார்கள். பெரிய இட்லிப் பானை என்று நினைத்துக்கொள்ளுங்கள். ஏறத்தாழ 140 பாகை செல்சியஸ் சூட்டில் ஒரு மணி நேரத்துக்கு மேல் குலைகள் அங்கே வேகும். வெட்டியதும் பழத்துக்குள் ஒரு நொதி எண்ணெயைப் புளிக்கவைக்கத் தொடங்கிவிடும். அதை அடக்கவும், பழம் குலையிலிருந்து எளிதாக உதிரவும் இந்த அவியல். ஒரே நீராவி, இரண்டு வேலை. காலையில் கொதிகலன் சூடாகும் வரைதான் டீசல் எந்திரம் ஓட வேண்டும். பிறகு ஆலை தன் கழிவிலேயே ஓடும். நிலக்கரி நிலையத்தில் எரிபொருளின் சூட்டில் பாதிக்கு மேல் கடலுக்கும் காற்றுக்கும் போய்விடுகிறது. சூட்டைச் சூடாகவே பயன்படுத்திக்கொள்ள அருகில் ஓர் ஆள் இருந்தால் எவ்வளவு மிச்சம் என்பதற்கு, தோட்டத்து ஆலையைவிட நல்ல எடுத்துக்காட்டு கிடைக்காது.

இனி அந்த மாணவியின் புகைக் கேள்வி. செம்பனை வளரும்போது காற்றிலிருந்து கரியமில வாயுவை எடுத்துத்தான் நாராகவும் ஓடாகவும் ஆக்கிக்கொள்கிறது. எரிக்கும்போது அதே வாயு திரும்பிப் போகிறது. அடுத்த குலை அதை மறுபடி இழுத்துக்கொள்கிறது. வட்டம் ஓரிரு ஆண்டுகளில் முடிந்துவிடும். நிலக்கரியில் இருப்பதோ கோடிக்கணக்கான ஆண்டுகளுக்கு முன் மண்ணுக்குள் போன கரி. அதை எரித்தால் காற்றில் புதுச்சுமை ஏறுகிறது. இறக்க ஆள் இல்லை. கணக்கு இவ்வளவுதான்.

ஆனால் இந்தக் கணக்குக்கும் புகையின் கரித்தூளுக்கும் தொடர்பில்லை. ஆலைப்பக்கமிருந்து காற்று வீசிய நாட்களில் அம்மா கொடியில் போட்ட வெள்ளைச் சட்டையை மறுபடி துவைத்தது எனக்கு நினைவிருக்கிறது. சட்டையில் படிந்தது மூச்சிலும் படிந்திருக்கும். புதுப்பிக்கத்தக்கது என்பது ஒன்று, சுத்தமானது என்பது வேறு. புகைபோக்கியில் தூசு வடிக்கும் கருவி இல்லாத கொதிகலன், எதை எரித்தாலும் அக்கம்பக்கத்து லயத்துக்குக் கேடுதான். 2014இல் புதுப்பிக்கப்பட்ட நாட்டின் தூய காற்று விதிகள் ஆலைக் கொதிகலன்களுக்கும் பொருந்தும். அந்த மாணவி கேட்டது சரியான கேள்வி என்று வகுப்பிலேயே சொன்னேன்.

இன்னொரு நிபந்தனையும் உண்டு. ஏற்கெனவே நடந்துகொண்டிருக்கும் வேலையின் கழிவை எரிப்பது வேறு. எரிப்பதற்கென்றே காட்டை வெட்டுவது வேறு. நூறு ஆண்டு நின்ற காட்டின் கரி ஒரே நாளில் காற்றுக்குப் போனால், அது திரும்ப மரமாக இன்னொரு நூறு ஆண்டு வேண்டும். அதைப் புதுப்பிக்கத்தக்க ஆற்றல் என்று எழுதுவதை நான் ஏற்கமாட்டேன். அது கட்டை வரை கத்தி இறக்குவது.

வெறுங்குலையைப் பற்றி எனக்கு ஓர் அழுத்தமான கருத்து உண்டு. பார்க்க எரிபொருள்போல் இருந்தாலும் அதில் மூன்றில் இரண்டு பங்கு தண்ணீர். அதை விரட்டவே நிறையச் சூடு போய்விடும். மேலும் அதில் சாம்பல் சத்து (பொட்டாசியம்) மிகுதி. எரியும்போது அந்தச் சாம்பல் உருகிக் கொதிகலன் குழாய்களில் பாறைபோல் ஒட்டிக்கொள்ளும். அதே சத்துதான் செம்பனைக்கு உரம். ஆகவே வெறுங்குலையை மரத்தடியில் பரப்பி மண்ணுக்கே திருப்பிக்கொடுப்பது நல்லது. மிஞ்சினால் உலர்த்தி எரிக்கலாம். ஓட்டின் கதை வேறு. ஒரு காலத்தில் தோட்டத்துச் செம்மண் சாலையில் சேறாகாமல் இருக்கக் கொட்டிய பொருள் அது. இன்று ஜப்பானின் உயிர்த்திரள் மின்நிலையங்களுக்குக் கப்பல் ஏறிப் போகிறது.

எல்லாவற்றிலும் பெரிய புதையல் ஆலைக்குப் பின்னால் இருக்கும் குளம். பழுப்பு நிறத்தில், கெட்டியாக, கைவைக்க முடியாத சூட்டில் வெளியேறும் கழிவுநீரை வரிசையாக வெட்டிய குளங்களில் தேக்கிவைப்பார்கள். 1977இல் வந்த சட்டவிதிகளுக்கு முன் இந்தக் கழிவுநீர் ஆறுகளை மூச்சுத்திணற வைத்தது. குளத்தின் ஆழத்தில் காற்றுப் புகாத இடத்தில் நுண்ணுயிர்கள் அந்தக் கழிவைத் தின்று மீத்தேன் வாயுவை வெளியிடுகின்றன. அமைதியான மாலையில் குளக்கரையில் நின்றால் குமிழிகள் எழுந்து உடைவதைப் பார்க்கலாம். அந்தக் குமிழிதான் சமையல் எரிவாயுவின் உறவுக்காரன். எரிக்காமல் விட்டால் நூறாண்டுக் கணக்கில் கரியமில வாயுவைப்போல் 28 மடங்கு புவியைச் சூடாக்குபவன்.

குளத்தின்மேல் கெட்டியான கறுப்பு விரிப்பை இழுத்துக் கட்டினால் வாயு அதற்குள் தேங்கி, விரிப்பு பூரிபோல் உப்பும். குழாய் வைத்து வாயுவை இழுத்து, கந்தக நாற்றத்தை வடித்து, எந்திரத்தில் எரித்தால் மின்சாரம். ஒரு டன் கழிவுநீரிலிருந்து ஏறத்தாழ 28 கனமீட்டர் வாயு கிடைக்கும். நான் சொன்ன 60 டன் ஆலையில் இது ஒன்று முதல் இரண்டு மெகாவாட் வரை தரும். ஒரு மெகாவாட் மாதம் முழுக்க நிற்காமல் ஓடினால் 7,20,000 யூனிட். வீட்டுக்கு 300 யூனிட் என்று வைத்தால் 2,400 வீடுகள். 2014 ஜனவரி 1 முதல் புதிதாகக் கட்டப்படும் ஆலைகளும் விரிவாக்கப்படும் ஆலைகளும் இந்த வாயுவைப் பிடிக்க வேண்டும் என்று மலேசியச் செம்பனை எண்ணெய் வாரியம் விதித்தது. மின்சாரத்தை நிலையான விலைக்கு விற்க 2011ஆம் ஆண்டின் புதுப்பிக்கத்தக்க எரிசக்திச் சட்டம் வழிசெய்தது. இருந்தும் பல ஆலைகள் தோட்டத்தின் உள்ளே வெகுதூரத்தில் இருக்கின்றன. மின்சார நிறுவனமான தெனாகாவின் கம்பி வரை இழுத்துக்கொண்டு வரும் செலவே ஆளைத் தின்றுவிடும். உயிர்த்திரளின் பெரிய பகை தூரம்தான். கழிவு கிடக்கும் இடத்திலேயே எரித்தால் இலாபம். லாரியில் ஏற்றினால் டீசலுக்குப் போய்விடும்.

இனி அந்தப் பையனின் முட்டை.

பூமிக்குள் இறங்க இறங்கச் சூடு ஏறும். பொதுவாக ஒரு கிலோமீட்டருக்கு 25 முதல் 30 பாகை. பூமி உருவானபோது அடைபட்ட சூடு ஒரு பகுதி; பாறைகளில் உள்ள யுரேனியம், தோரியம், பொட்டாசியம் சிதைவதால் பிறக்கும் சூடு மறுபகுதி. இதைத்தான் புவிவெப்பம் என்கிறோம். வெயில் வேண்டாம், காற்று வேண்டாம், இரவு பகல் பேதமில்லை. 1904இல் இத்தாலியின் லார்தெரெல்லோவில் தரையிலிருந்து பீறிட்ட ஆவியைக் கொண்டு சில விளக்குகளை எரியவைத்தார்கள். 1913இல் அங்கே மின்நிலையமே வந்துவிட்டது.

ஆவி நேராகவே கிடைக்கும் இடங்கள் குறைவு. பெரும்பாலும் கிடைப்பது அழுத்தத்தில் அடைபட்ட வெந்நீர். பிரஷர் குக்கருக்குள் தண்ணீர் 100 பாகையைத் தாண்டியும் தண்ணீராகவே இருக்கும். அழுத்தம் திடீரென்று விலகினால் ஒரு பகுதி சட்டென்று ஆவியாகிச் சீறும். ஆழ்துளைக் கிணற்றில் மேலேறும் 200 பாகை நீரும் அப்படித்தான் சீறி விசையாழியைச் சுழற்றுகிறது. நியூசிலாந்தின் வைராகேயில் 1958 முதல் இதைச் செய்கிறார்கள். நீரில் அவ்வளவு சூடு இல்லையென்றால் மூன்றாவது வழி ஒன்று உண்டு: வெந்நீரைக் கொண்டு, குறைந்த சூட்டிலேயே கொதிக்கும் வேறொரு திரவத்தைக் கொதிக்க வைப்பது. ஐசோபென்டேன் என்ற திரவம் 28 பாகையிலேயே கொதிக்கும். சுங்காயின் மதிய வேளையில் நிழலில் திறந்துவைத்தாலே போதும். அந்த ஆவி சக்கரத்தைச் சுழற்றிவிட்டு, குளிர்ந்து, மறுபடி திரவமாகிச் சுற்றிவரும்.

அக்கம்பக்கத்தில் இந்தோனேசியாவும் பிலிப்பீன்சும் இதில் உலகின் முன்வரிசை நாடுகள். ஜாவாவின் கமோஜாங்கில் 1983இலேயே நிலையம் ஓடத் தொடங்கியது. எரிமலை வளையத்தில் இருப்பதால் அங்கே சூடு மேலாகவே கிடக்கிறது. தீபகற்ப மலேசியாவுக்கு அந்த ஆபத்தும் இல்லை, அந்தக் கொடையும் இல்லை. சபாவின் தாவாவ் பக்கம் பழைய எரிமலை நிலம். அங்கே அப்பாஸ் கிரியில் 30 மெகாவாட் நிலையம் ஒன்று திட்டமிடப்பட்டு நிறைவேறாமல் போனது. அது முடிந்திருந்தால் நாட்டின் முதல் புவிவெப்ப நிலையமாக இருந்திருக்கும். எனக்கு அதில் வருத்தம் உண்டு.

புவிவெப்பமும் ஊறவிட்டு எடுக்க வேண்டியதுதான். கலிபோர்னியாவின் கைசர்ஸ் என்ற இடம் உலகின் மிகப் பெரிய புவிவெப்ப வயல். 1960இல் தொடங்கி, நிலையங்களை அடுக்கிக்கொண்டே போனார்கள். 1980களின் இறுதியில் ஆவி குறையத் தொடங்கியது. கீழே சூடு தீரவில்லை. ஆவியாக வேண்டிய தண்ணீர் தீர்ந்துகொண்டிருந்தது. பிறகு 1997 முதல் ஊர்களின் சுத்திகரித்த கழிவுநீரைக் குழாயில் கொண்டுவந்து பூமிக்குள் இறக்குகிறார்கள்; சரிவு தணிந்தது. எடுத்த நீரைத் திரும்ப இறக்குவது இன்று எல்லா நல்ல நிலையங்களிலும் வழக்கம். நீர் இறக்குவதிலும் கவனம் வேண்டும்: தென்கொரியாவின் போஹாங்கில் 2017இல் ஏற்பட்ட 5.4 அளவு நிலநடுக்கத்துக்குப் புவிவெப்பத் துளையில் அழுத்தி இறக்கிய நீர்தான் தூண்டுதல் என்று அரசு விசாரணை முடிவு செய்தது.

எரிமலை இல்லாத சுங்காயில் வெந்நீர் எப்படி? தித்திவாங்சா மலைத்தொடர் கருங்கல்லால் ஆனது. மழைநீர் பாறைப் பிளவுகளின் வழியே ஆழத்துக்கு இறங்கி, அங்கே சூடேறி, வேறொரு பிளவின் வழியே வேகமாக மேலே வருகிறது. சுங்கை கிளாவில் அது கொதிநிலையை நெருங்கிய சூட்டோடு வெளிப்படுகிறது. கம்பிக் கூடையில் முட்டையை வைத்து நீரில் இறக்கிவிட்டு, ஆவி முகத்தில் அடிக்க நின்று, மணி பார்த்து எடுப்பார்கள். ஓட்டை உடைத்தால் நன்றாக வெந்திருக்கும்.

முட்டை வேகும் சூட்டில் மின்சாரம் வருமா? வரும். அலாஸ்காவின் சேனா என்ற இடத்தில் 74 பாகை வெந்நீரிலேயே 2006இல் 400 கிலோவாட் எடுக்கத் தொடங்கினார்கள். ஆனால் அங்கே குளிர்விக்கக் கிடைக்கும் நீர் 4 பாகை. சக்கரத்தைச் சுழற்றுவது சூடு மட்டுமல்ல, சூட்டுக்கும் குளிருக்கும் உள்ள இடைவெளி. எங்கள் ஊற்று 90 பாகை என்றும் ஆற்று நீர் 27 பாகை என்றும் வைத்தால் இடைவெளி 63; சேனாவுக்குக் கொஞ்சம்தான் குறைவு. பிறகு தடை எது? நீரின் அளவு. நீரிலிருந்து எடுக்கும் இந்தச் சூட்டில் நூற்றில் எட்டுப் பங்கு போலத்தான் மின்சாரமாகும். மீதி, குளிர்விக்கும் நீரோடு போய்விடும். நூறு வீட்டுக்கு மின்சாரம் வேண்டுமென்றாலே நொடிக்குப் பல லிட்டர் வெந்நீர் நிற்காமல் வர வேண்டும். தானாகக் கசியும் ஊற்று அதற்குப் போதுமென்று நம்ப முடியாது. ஆழத் துளையிட்டுப் பார்க்க வேண்டும். துளையிடுவதுதான் இதில் பெருஞ்செலவு, கிடைக்காமல் போனால் போனதுதான்.

எங்களைப் போலவே எரிமலை இல்லாத வட தாய்லாந்தின் பாங் நகரில் 1989 முதல் 300 கிலோவாட் நிலையம் ஒன்று வெந்நீரில் ஓடுகிறது. விசையாழியை விட்டு வெளியேறும் நீரை அவர்கள் ஓடையில் விட்டுவிடவில்லை. விளைபொருளை உலர்த்தவும், குளிர்பதனக் கிடங்குக்கும், குளிக்கவும் அடுத்தடுத்து பயன்படுத்தினார்கள். அந்தப் பையனிடம் இதைச் சொன்னதும், “உங்கள் அப்பா ஆலையில் செய்ததும் இதுதானே சார்?” என்று கேட்டான். ஆம், அதேதான். விசையாழி முடித்த ஆவியில் குலை வெந்தது. இங்கே விசையாழி முடித்த நீரில் மிளகாயோ வாழைப்பழமோ உலரும். சுங்கை கிளாவில் இன்று அந்த வெந்நீர் குளியல் தொட்டிகளைத் தாண்டிச் செம்பனை நிழலில் வாய்க்காலாக ஓடி, இருபது முப்பது அடி தள்ளியும் ஆவி பறக்க, ஓடையில் கலந்துகொண்டிருக்கிறது.